பக்கத்தில் இருப்பவரின் கூலி

முதுகுத்தண்டில் அடிபட்டவர் வீட்டுக்கு முதல் தடவை போகும்போது, கால்களைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பு கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பது என் வழக்கம். பிசியோதெரபி செய்ய வந்தவள் வரவு செலவு கேட்கிறாளே என்று வீட்டிலிருப்பவர்கள் தயங்குவார்கள். ஆனால் அநேகமாக எல்லா வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். பிள்ளையின் பழைய பள்ளி நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கியிருப்பார்கள். ஸ்கேன், ரத்தம், பெல்ட், ஆட்டோ, ஆஸ்பத்திரி வாசலில் வாங்கிய இட்லி, அடகு வைத்த தாலிச்சரடு, அதற்கு மாதாமாதம் கட்டும் வட்டி. எல்லாம் இருக்கும், ஒன்று மட்டும் இருக்காது. அடிபட்ட நாளிலிருந்து வேலைக்குப் போகாமல் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கும் மனைவியோ தாயோ இழந்த கூலியை யாரும் எழுதுவதில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டு, மாதத்துக்குப் பெருக்கி, நானே அதை நோட்டில் எழுதுவேன். பல வீடுகளில் மருந்துக்கடைச் செலவைவிட அந்தத் தொகை பெரியது.

நோயாளி எத்தனை அடி நடந்தார் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் அளப்பது வேறு. அவருக்குப் பக்கத்தில் இருப்பவரால் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பயமில்லாமல் வெளியே போய் வர முடிகிறது என்று பார்ப்பேன். அது கூடிக்கொண்டே போனால் அந்தக் குடும்பம் தேறிவிடும்.

நான் ஆந்திரத்துச் சித்தூர்க்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. என் வேலை சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே கிடக்கும் 70 கிலோமீட்டரில்: பூதலப்பட்டு, பாகாலா, தாமலசெருவு, சந்திரகிரி. சாலையின் இரண்டு பக்கமும் மாந்தோப்புகள். இந்தப் பக்கத்தில் முதுகு உடைவதற்குப் பைக் மட்டும் காரணமில்லை. மாசி, பங்குனியில் புளி உலுக்க ஏறியவர்கள் விழுவார்கள். மே பிறந்ததும் மாங்காய் பறிக்க ஏறியவர்கள் விழுவார்கள். தோதாபுரிக் காய் கூழ்த் தொழிற்சாலைக்குப் போவது; அடிபட்டால் எடுக்கமாட்டார்கள் என்பதால் உலுக்கிவிட முடியாது, கிளை நுனிவரை போய்த்தான் பறிக்க வேண்டும். மற்ற நாட்களில் கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகை சரிந்து விழுந்தவர்கள். உயரத்திலிருந்து விழுந்தால் முதுகும் இடுப்பும் சேருமிடத்தில்தான் பெரும்பாலும் உடையும். ஸ்கேன் தாளில் டி 12, எல் 1 என்று எழுதியிருக்கும். கை நன்றாக இருக்கும், மார்பு நன்றாக இருக்கும், புத்தி முழுசாக இருக்கும். இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயிருக்கும், சிறுநீரும் மலமும் தன் வசத்தில் இராது. விழுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள். வீட்டுக்குச் சோறு போட்ட கை.

கை கால் முறிந்தால் புத்தூருக்குப் போவது இங்கே பாட்டன் காலத்துப் பழக்கம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட அங்கே கட்டுப் போட்டுக்கொள்ள வருகிறார்கள். தமிழ்நாட்டில் எந்த ஊரில் எலும்பு வைத்தியர் பலகை மாட்டினாலும் அதில் ‘புத்தூர் கட்டு’ என்று எழுதிக்கொள்கிறார்கள். முன்கை எலும்பு அந்தக் கட்டில் கூடியது என்று சொல்பவர்கள் பலரை நான் அறிவேன். முதுகெலும்பில் சேதம் எலும்போடு நிற்பதில்லை. எலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டு நசுங்கியிருக்கும். வெளியிலிருந்து போடும் எந்தக் கட்டும் அதை எட்டாது. விழுந்த இடத்தில் நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோகும்போது பாதி நசுங்கியது முழுவதும் நசுங்கிவிடக்கூடும். ஆகவே போகிற ஊரிலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: மரத்திலிருந்து விழுந்தவர் கால் மரத்துப்போச்சு என்று சொன்னால் உட்காரவைக்காதீர்கள், 108க்குப் போன் செய்யுங்கள், நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் கதவுப் பலகையில் நேராகக் கிடத்தித் தூக்குங்கள். செலவே இல்லாத காரியம் இது ஒன்றுதான்.

ஆபரேஷன் செலவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திருப்பதியில் அலிபிரி போகிற வழியிலேயே ரூயா அரசு மருத்துவமனை, தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ், பர்ட் மூன்றும் இருக்கின்றன. ராஜசேகர ரெட்டி முதல்வராக இருந்தபோது 2007இல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ, ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறி இப்போது டாக்டர் என்.டி.ஆர். வைத்ய சேவா. கார்டு இருந்தால் ஸ்க்ரூவும் ராடும் வைக்கிற ஆபரேஷன் பெரும்பாலும் அதில் முடிந்துவிடுகிறது. முதுகு நிமிர்ந்து நிற்பதற்கு அந்த ஆபரேஷன் வேண்டும். ஆனால் செத்த நரம்பை அது எழுப்புவதில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தை யாராவது குடும்பத்தை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தையல் பிரித்த நாளிலிருந்து கால் எப்போது அசையும் என்று காத்திருப்பார்கள். காத்திருக்கும் அந்த மாதங்களில்தான் வீடு காலியாகிறது.

டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் நான்கு வரி இருக்கும்: படுக்கையில் ஓய்வு, 2 மணிக்கொரு முறை திருப்பிப் படுக்கவைக்கவும், கதீட்டர் பராமரிப்பு, பிசியோதெரபி. அந்த நான்கு வரிக்குப் பின்னால் 24 மணி நேர வேலை இருக்கிறது. கூலிக்கு ஆள் வைத்தால் எங்கள் பக்கத்தில் மாதம் 15,000 ரூபாய்க்குக் குறைந்து வரமாட்டார்கள். இரவுக்குத் தனி ஆள். மாங்காய் பறிப்பவர் வீட்டில் யார் வைப்பார்கள்? மனைவி செய்வாள். அவள் செய்வதால் அது செலவாகவே தெரியாது.

பாகாலாப் பக்கத்தில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். “இன்னா மேடம் பண்ணச் சொல்றீங்க? நா வேலைக்குப் போனா இவர யாரு திருப்பிப் போடறது? டியூப்பு அடைச்சிகிச்சின்னா யாரு பாக்கறது?” அவள் கேட்டது இரண்டே கேள்வி. தோலைப் பற்றி ஒன்று, சிறுநீர்ப்பையைப் பற்றி ஒன்று. என் தொழில் முழுவதும் அந்த இரண்டு கேள்விக்குள் இருக்கிறது. கால் உடற்பயிற்சி அதற்குப் பிறகுதான்.

சிறுநீர் முதலில். ஆஸ்பத்திரியில் போட்டு அனுப்பிய டியூப் அப்படியே மாதக்கணக்கில் கிடக்கும். அடைக்கும், கசியும், காய்ச்சல் வரும், ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள், ஊசி மருந்து, மறுபடி டியூப். ஒவ்வொரு காய்ச்சலும் ஆயிரங்களில் வந்து நிற்கும். மாற்று வழி எளியது. 4 மணி நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய டியூப் ஒன்றைச் செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டு எடுத்துவிட வேண்டும். 1972இல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லேபிடஸ் என்ற சிறுநீரக அறுவை நிபுணர் இதைப் பற்றி எழுதியபோது பலருக்கு நம்பிக்கை வரவில்லை. அதுவரை டியூப் போடுவதென்றால் கொதிக்கவைத்த கருவி, கையுறை, கிருமியே இல்லாத சூழல் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். சிறுநீர்ப்பை நிரம்பி ஊதிப் போகாமல் நேரத்துக்கு நேரம் காலியாக்குவதுதான் முக்கியம், சோப்பு போட்டுக் கழுவிய சுத்தமான கை போதும் என்றார் லேபிடஸ். அந்தக் கருத்து ஏழை வீடுகளுக்குச் செய்திருக்கும் நன்மைக்கு அளவில்லை. நெலட்டன் என்று கடையில் கேட்டால் கிடைக்கும் டியூப் 50 ரூபாய்க்குள் வரும். கழுவி, உலர்த்தி, மூடி போட்ட டப்பாவில் வைத்து மறுபடி பயன்படுத்தவும் எங்கள் ஆஸ்பத்திரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கை நன்றாக இருப்பவர் தானே செய்துகொள்ளலாம். அளவு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்று, ஒரு கடிகாரம், எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்று ஒரு சீட்டு. ஒவ்வொரு முறையும் 400, 500 மில்லிக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கற்றுக்கொள்ள ஆண்கள் மறுப்பார்கள். வெட்கம். அதைவிட, தானே டியூப் போடப் பழகினால் இனி இப்படித்தான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்ற பயம். இங்கே நான் விட்டுக்கொடுப்பதில்லை. மனைவி 4 மணிக்கொரு முறை டியூப் போட்டால் அவள் தோப்புக்குப் போய் வர முடியாது. அவரே போட்டுக்கொண்டால் முடியும். இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்வேன். பலர் அந்தக் காரணத்துக்காகத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்தது தோல். உணர்வில்லாத இடத்தில் ரத்தம் நின்று போனால் உடம்பு எச்சரிக்காது. நமக்கு ஒரே பக்கம் உட்கார்ந்தால் குத்தும், நகர்ந்து உட்காருவோம். அவருக்குக் குத்தாது. இடுப்பின் பின்பக்கம், தொடை எலும்பு முட்டும் இடம், குதிகால் மூன்றும்தான் முதலில் சிவக்கும். அந்தச் சிவப்பைத் தினமும் பார்த்துவிட்டால் திருப்பிப் படுக்கவைப்பதோடு போயிற்று. பார்க்காவிட்டால் அது உள்ளே எலும்புவரை குழி தோண்டும். பிறகு சதை மாற்றி வைக்கும் ஆபரேஷன், வாரக்கணக்கில் குப்புறப் படுக்கை. இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட வீரர்களுக்காக 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தனிப்பிரிவு தொடங்கிய லுட்விக் குட்மன், இரவு பகல் பாராமல் 2 மணிக்கொரு முறை ஆட்களைத் திருப்பிப்போட வைத்தார். அதற்கு முன்பு இப்படி அடிபட்டவர்கள் பெரும்பாலும் படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் செத்துப்போனார்கள். திருப்பிப்போட்டே பல உயிர்களைக் காத்தார்கள். பாராலிம்பிக் போட்டிகள் பிறந்ததும் அவர் 1948இல் அங்கே நடத்திய வில்வித்தைப் போட்டியிலிருந்துதான்.

எங்கள் ஊர் வீடுகளில் இதற்கு மேலும் சில ஆபத்துகள் உண்டு. சித்திரை வெயிலில் சிமெண்டுத் திண்ணையில் உட்காரவைத்துத் தொடை வெந்துபோனவரைப் பார்த்திருக்கிறேன். டீ டம்ளரைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தவருக்குக் கொப்புளம் கிளம்பியது. இரவில் எலி கால்விரலைக் கடித்து, காலையில் பாயில் ரத்தத்தைப் பார்த்த பிறகே வீட்டுக்குத் தெரிந்தது. கொசுவலையை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகுங்கள், அது கொசுவுக்கு மட்டுமல்ல என்று சொல்வேன். கட்டிலுக்கு அடியில் நெல் மூட்டை வைக்காதீர்கள் என்பேன். 3,000 ரூபாய் அளவில் வரும் ஏர் பெட்டும் சக்கர நாற்காலிக்கு நல்ல குஷனும் வாங்கச் சொல்வேன். கையில் முதலில் பணம் வரும்போது வாங்க வேண்டியவை அவைதான். பலர் முதலில் வாங்குவது நடக்கவைக்கும் காலிபர். அது அறை மூலையில் சாத்திக் கிடக்கும்.

இதையெல்லாம் வீட்டுக்குப் போய் ஒருத்தி வாரத்தில் ஓரிரு நாள் சொல்லிக்கொடுப்பதைவிட நல்ல வழி இருக்கிறது. சித்தூரிலிருந்து 35 கிலோமீட்டரில் வேலூர். அங்கே பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம். எங்கள் பக்கத்தில் ‘ரிஹாப்’ என்றால் போதும். அதன் பின்னால் இருப்பவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் வேலூரில் இளம் மருத்துவராக இருந்தபோது கார் விபத்தில் முதுகுத்தண்டு அறுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி, 1963இல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ. தண்டு அறுந்த மனிதருக்கு என்ன தேவை என்பதைத் தன் உடம்பிலிருந்தே அறிந்தவர் அமைத்த இடம் என்பது அதன் ஒவ்வொரு ஏற்பாட்டிலும் தெரியும். நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் தங்கி, திருப்புவது, தூக்குவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலத்தை ஒரே நேரத்துக்குப் பழக்குவது எல்லாவற்றையும் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டுதான் ஊர் திரும்ப வேண்டும்.

அங்கே போகச் சொன்னால் குடும்பம் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. வாரக்கணக்கில் தங்க வேண்டும். இரண்டு பேருக்குச் செலவு. பிள்ளைகளை யார் பார்ப்பது, மாட்டை யார் கட்டுவது. கடன் வாங்கியாவது போங்கள் என்று நான் சொல்லும் ஒரே செலவு இதுதான். கிணறு வெட்டப் போடும் பணம் மாதிரி, ஒரு தடவை போட்டால் வருஷக்கணக்கில் இறைத்துக்கொள்ளலாம். போய் வந்த வீட்டுக்கும் போகாத வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் வாசலிலேயே தெரிந்துவிடும். போய் வந்த வீட்டில் நாற்றம் இராது.

கடன் வாங்காதீர்கள் என்று நான் கெஞ்சும் செலவு ஒன்றும் உண்டு. ஸ்டெம் செல் ஊசி. யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புவார்கள். படுத்துக் கிடந்தவர் எழுந்து நடப்பார். ஒரு தவணைக்கு லட்சக்கணக்கில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன: ரத்த நோய்கள் சிலவற்றுக்கு நடக்கும் மஜ்ஜை மாற்று தவிர, முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுப்பது சிகிச்சை ஆகாது. ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கவும் கூடாது. நிலத்தை விற்று அந்த ஊசிக்குக் கொடுத்த குடும்பங்களின் வாசலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கோபப்பட முடியாது. தகப்பன் மகனுக்காக விற்றான். என் கோபமெல்லாம் வாங்கியவர்கள் மீதுதான். வேண்டுதல்களை நான் தடுப்பதில்லை; மலைக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்ட தாய் நடந்துபோய் வந்து தெம்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அவள் நிலத்தை விற்கவில்லை.

2024 ஜூலை 1ஆம் தேதி இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முடங்கிப்போனவர்களுக்கான மாத ஓய்வூதியத்தை ஆந்திர அரசு 5,000 ரூபாயிலிருந்து 15,000 ஆக உயர்த்தியது. முதல் தேதி காலையில் கிராமச் சச்சிவாலயத்து ஊழியர் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் காட்பாடியில் இதே அடி பட்டவருக்குத் தமிழ்நாடு அரசு அப்போது தந்த பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அதுவும் 1,500லிருந்து கூடியதுதான். குடிபாலாவில் இருக்கும் அண்ணனுக்கும் காட்பாடியில் கட்டிக்கொடுத்த தங்கை வீட்டுக்காரருக்கும் ஒரே எலும்பு உடைந்தால் மாதம் 13,000 ரூபாய் வித்தியாசம். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் 2021இலிருந்து பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுவருகிறது, அது பெரிய விஷயம். ஆனாலும் கையில் வரும் பணத்துக்கு ஈடு வேறில்லை.

அந்த 15,000 வீட்டுக்குள் என்ன செய்தது என்பதை நான் கண்ணால் கண்டேன். மூலையில் கிடந்தவர் மறுபடி சம்பாதிக்கிறவர் ஆனார். அண்ணி தட்டில் போடும் குழம்பு மாறியது. அதோடு வேறொன்றும் வந்தது. 2025 தொடக்கத்தில் மருத்துவர் குழுக்கள் வீடு வீடாக வந்து இந்த ஓய்வூதியக்காரர்களை மறுபரிசோதனை செய்தன. தகுதியில்லாதவர்கள் வாங்குகிறார்கள் என்ற புகார் இருந்தது. பரிசோதிப்பதில் தவறு சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாட்களில் என் நோயாளிகள் பயிற்சியை நிறுத்தினார்கள். “நா ஒக்காந்துகினு இருந்தா பின்ஷன் எடுத்துருவாங்களாமே மேடம்” என்று கட்டிலை விட்டு இறங்க மறுத்தார் ஒருவர். உட்காரப் பழகியதற்காகப் பணம் போய்விடும் என்ற பயம் ஒரு மனிதரை மறுபடி படுக்கையில் தள்ளி, தோலைப் புண்ணாக்கிவிடும். அரசாணையில் இந்தப் பிரிவின் பெயரே சக்கர நாற்காலியில் அல்லது படுக்கையில் முடங்கியவர் என்றுதான் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து வாசலுக்கு வந்தால் யாரும் பிரிவிலிருந்து நீக்க முடியாது. இதை வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மாற்றுத்திறனாளிக்கான சதரம் சான்றிதழ், டிஸ்சார்ஜ் தாள், ஸ்கேன் மூன்றையும் ஒரே பையில் போட்டுத் தலைமாட்டில் மாட்டி வைக்கச் சொன்னேன்.

வண்டி மோதி அடிபட்டவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு: மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். இதில் வக்கீலுக்குத் தெரிந்ததுதான் அதிகம், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். திருத்திய சட்டப்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். ஆஸ்பத்திரி அலைச்சலில் அந்த 6 மாதம் ஓடிவிடும். மோதிய வண்டி நிற்காமல் போயிருந்தாலும் படுகாயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. எல்லா பில்லையும் வைத்திருங்கள், ஆட்டோவுக்குக் கொடுத்ததையும் தேதியோடு எழுதுங்கள். 2020இல் உச்ச நீதிமன்றம், விபத்தில் மூளை அடிபட்டு முழுநேரமும் பிறர் கவனிப்பில் வாழும் ஒரு சிறுமியின் வழக்கில், பார்த்துக்கொள்ள இரண்டு ஆட்கள், தலைக்கு மாதம் 5,000 ரூபாய், அதை 18 வருடத்துக்குப் பெருக்கி 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் என்று அந்த ஒரு தலைப்பில் மட்டும் கொடுத்தது. அதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்ல முடியாது. திருப்பிப்போடுவதும் துடைத்துவிடுவதும் கூலிக்குரிய வேலை என்று ஒரு தீர்ப்பில் எழுதியிருக்கிறது.

மரத்திலிருந்து விழுந்தவருக்கு அப்படி ஒரு தீர்ப்பாயம் இல்லை. வேலையில் அடிபட்டால் இழப்பீடு என்று 1923இலிருந்தே சட்டம் இருக்கிறது. வா, காய் பறிக்கலாம் என்று வாய்ச்சொல்லில் கூப்பிட்டுப்போன இடத்தில் முதலாளி யார் என்று யார் சாட்சி சொல்வது? தோப்பைக் குத்தகை எடுத்தவர் கையில் இருந்த 10,000, 20,000 கொடுத்துவிட்டுக் கண் கலங்கிப் போவார். அவரும் பெரிய பணக்காரர் இல்லை. 2025 கோடையில் தோதாபுரி விலை விழுந்து, தொழிற்சாலை கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று அறிவித்த பருவத்தில், கொடுப்பதாகச் சொன்ன உதவியைப் பல குத்தகைக்காரர்களால் கொடுக்க முடியவில்லை.

பணம் வந்தால் சண்டையும் வரும். இழப்பீட்டுத் தொகையை அண்ணன் வாங்கித் தின்றுவிட்டான் என்று தம்பி வீடும், வைத்தியத்துக்கே போய்விட்டது என்று அண்ணன் வீடும் வாதாடி, கடைசியில் காணிப்பாக்கம் கோயிலில் வந்து சத்தியம் பண்ணு என்றுதான் போய் நிற்கும். அந்தக் கோயிலில் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் ஊரில் யாருக்கும் துணிவு வராது. ஒரு வீட்டில் புறப்பட்டே விட்டார்கள். நான் நோட்டை எடுத்துக் கூட்டிக் காட்டினேன். பணம் நிஜமாகவே வைத்தியத்துக்குத்தான் போயிருந்தது. நோட்டில் இல்லாதது ஒன்றே ஒன்று: அண்ணன் மனைவி இரண்டு வருடமாகத் தையல் மிஷினைத் தொடாமல் மைத்துனரைப் பார்த்துக்கொண்டது. தம்பி அதைக் கேட்டுத் தலை குனிந்தான். அதற்குப் பிறகு மிஷின் அடிபட்டவரின் கட்டில் பக்கத்துக்கே வந்தது. அவள் தைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டாள், அவர் பொத்தான் கட்டக் கற்றுக்கொண்டார்.

இந்தக் கணக்கில் நான் இன்னும் தீர்க்க முடியாத இடம் ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன்பே அடிபட்ட பையன்கள். பார்த்துக்கொள்பவள் தாய். அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டாள், முட்டி தேய்ந்துவிட்டது, மகனைத் தூக்கித் தூக்கி அவள் இடுப்பே போய்விட்டது. ஓய்வூதியம் வருகிறது, ஏர் பெட் இருக்கிறது, புண் இல்லை. ஆனால் தூக்குகிற ஆள் கிழவியாகிவிட்டாள். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இவர்களுக்கென்று நான்கு கட்டில் ஒதுக்கி, வருடத்தில் ஒரு மாதம் வைத்துக்கொண்டு தாய்க்கு ஓய்வு கொடுத்தால்கூடப் போதும். கூடவே, பார்த்துக்கொள்பவர் பெயரில் தனியாக ஒரு தொகை கொடுக்க வேண்டும். நோயாளிக்கு வரும் பணத்திலிருந்து அவள் கேட்டு வாங்கும்படி இருக்கக் கூடாது. இவை இரண்டும் நான் பார்க்கிற அதிகாரிகளிடமெல்லாம் கேட்டுவரும் விஷயங்கள்.

சந்திரகிரிப் பக்கத்தில் அப்படி ஒரு தாய் போன மாதம் வழுக்கி விழுந்து கை முறித்துக்கொண்டாள். “எனக்கு இன்னாம்மா ஆனாலும் ஆவட்டும், இவன யாரு பாத்துக்குவா” என்றுதான் கட்டுப் போட்ட கையோடு கேட்டாள். மகனுக்கு முப்பத்தைந்து வயது, தோளும் கையும் நல்ல பலம். இத்தனை வருடம் அம்மா தூக்கியதால் தானாக நாற்காலிக்கு மாற அவர் கற்றதே இல்லை. கட்டிலையும் நாற்காலியையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர, தச்சரைக் கூப்பிட்டுக் கட்டில் காலை நான்கு விரல் அறுத்தாயிற்று. வழவழப்பாக இழைத்த பலகை ஒன்றை நடுவில் வைத்து, அதில் வழுக்கி நகர்வதை இந்த வாரம் தொடங்கியிருக்கிறோம். காட்பாடியிலிருந்து அக்கா வந்து திங்கள் முதல் வியாழன் வரை இரவு பார்த்துக்கொள்கிறாள், மீதி மூன்று இரவு தம்பி. அக்காவின் பஸ் செலவும், அவள் விட்டுவிட்டு வரும் வேலையின் கூலியும் மாதம் எவ்வளவு என்று மூவரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள்; முதல் தேதி ஓய்வூதியம் வந்ததும் அது முதலில் அவளுக்குப் போகும்.